ஏன் என்ர விரலை எடுத்தவை? பிள்ளைகளுக்கு விரல் ரேகையை விளங்கப்படுத்துவோம்

புதிதாக இந்த நாட்டுக்கு வந்து சேரும் எமது குடும்பங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குக் குறைவில்லை. மாரிகாலத்தில் ஏன் நாலு மணிக்கே இருட்டுகிறது, பாண் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் ஏன் எங்களோடு கதைப்பதில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு மறுமொழி சொல்லிச் சமாளித்துவிடுகிறோம். ஒரு கேள்விக்கு மட்டும் பல பெற்றோர் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். "அப்பா, ஏன் என்ர விரலை எடுத்தவை?" என்பதுதான் அந்தக் கேள்வி.

ஜேர்மனியில் வெளிநாட்டவருக்குக் கொடுக்கப்படும் வதிவிட அனுமதி, 2011 செப்டெம்பர் முதல் மின்னணு அட்டையாக வருகிறது. அந்த அட்டைக்குள் இருக்கும் சில்லில் இரண்டு விரல்களின் ரேகை பதியப்படும். ஆறு வயது நிரம்பிய பிள்ளைகளும் இதற்கு விரல் கொடுக்க வேண்டும். இதைவிட, தஞ்சம் கோருவோரின் ரேகைகளைச் சேர்த்து வைக்கும் யூரோடாக் என்ற ஐரோப்பியப் பதிவேடு 2003 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அதற்கு 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் ரேகையே எடுக்கப்பட்டது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய புதிய சட்டம் அந்த வயதை 6 ஆகக் குறைத்தது. அது நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஜூன் 12 குறிக்கப்பட்டது. ஆகவே முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் கண்ணாடியில் விரல் வைக்கும் காலம் இது.

பெரியவர்களாகிய எமக்கு இது இன்னொரு அலுவலக வேலை. பிள்ளைக்கு அப்படியல்ல. தொலைக்காட்சியில் விரல் ரேகை வருவது எப்போது? கொலை நடந்த வீட்டில், களவு போன கடையில். பொலிஸ்காரர் கறுப்புத் தூள் தூவி ரேகை எடுப்பார், கடைசியில் கள்ளன் பிடிபடுவான். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை தன் விரலை எடுத்தால் என்ன நினைக்கும்? முகாமில் எங்களோடு இருந்த ஒரு குடும்பத்தின் எட்டு வயதுப் பையன், ரேகை எடுத்த பிறகு இரண்டு நாளாகக் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தபடியே திரிந்தான். தாய் கேட்டதற்கு, "நான் ஒண்டும் களவெடுக்கேல்லையம்மா" என்று அழுதானாம்.

"சும்மா இரு, இங்க அப்பிடித்தான்" என்று சொல்லி வாயை மூடவைப்பதால் இந்தப் பயம் போகாது. உள்ளே போய் இருந்துகொள்ளும். உண்மையை, அந்தப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில், எமது தமிழிலேயே சொல்ல வேண்டும். அதற்கு முதலில் எமக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் படித்தவன் அல்லன். சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இன்று ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை செய்பவன். என் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக நூலகத்தில் தேடி வாசித்தவற்றை, என்னைப்போன்ற மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் விரலைப் பார்ப்போம்

பிள்ளைக்கு விளக்கம் சொல்லத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். செலவு எதுவும் இல்லை. ஒரு பென்சில், வெள்ளைக் கடதாசி, நிறமில்லாத ஒட்டுநாடா, இவ்வளவும் போதும். கடதாசியில் ஓரிடத்தில் பென்சிலால் நன்றாகக் கறுக்கும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளை தன் விரல் நுனியை அந்தக் கறுப்பின்மேல் தேய்க்கட்டும். பிறகு ஒட்டுநாடாவை விரலில் மெதுவாக ஒட்டி உரித்து, அதை இன்னொரு வெள்ளைக் கடதாசியில் ஒட்டுங்கள். ரேகை அச்சடித்ததுபோல வந்துவிடும். பத்து விரலையும் இப்படி எடுக்கலாம். விரலைப் பார்க்கும்போது தெரிவதுபோலவே இதுவும் இடம் வலம் மாறாமல் தெரியும்.

வீட்டில் பலூன் இருந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மை தடவிய விரலை ஊதாத பலூனில் பதித்து, மை காய்ந்தபின் ஊதுங்கள். சின்னப் பதிவு பெரிதாகும். ஆனால் கோடுகளின் ஒழுங்கு மாறாது. பிள்ளை வளரும்போது விரலில் நடப்பதும் இதுதான். கை பெருக்கும், கோடுகளும் அகலும், ஆனால் எந்தக் கோடு எங்கே வளைந்தது, எங்கே முடிந்தது என்பது கிழவனாகும்வரை அப்படியே இருக்கும்.

சங்கு, சக்கரம், வில்

இப்போது எடுத்த பத்துப் பதிவுகளையும் பாருங்கள். மூன்று விதமான உருவங்கள் தெரியும்.

ஊரில் கைபார்க்கும் சாத்திரிமார் விரல் நுனியில் சங்கு இருக்கிறதா, சக்கரம் இருக்கிறதா என்று எண்ணுவார்கள். அந்தப் பெயர்களையே நாமும் வைத்துக்கொள்வோம். கோடுகள் விரலின் ஒரு பக்கத்தால் வந்து, மடிந்து, வந்த பக்கமே திரும்பினால் அது சங்கு. நடுவில் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமாகவோ சுருளாகவோ ஓடினால் சக்கரம். ஒரு பக்கத்தால் வந்து, நடுவில் சற்று மேலெழும்பி, மறுபக்கத்தால் போனால் வில். மனிதரின் விரல்களில் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை சங்கு வகை. 30 அளவில் சக்கரம். வில் 5 அளவில்தான்.

சாத்திரிமார் இத்தனை சக்கரம் இருந்தால் இன்ன பலன் என்று சொல்வதை நாம் இங்கே எடுக்கத் தேவையில்லை. இந்த உருவங்கள் பிள்ளையின் அதிர்ஷ்டத்தையோ புத்தியையோ காட்டுவதில்லை. இந்தக் காலத்தில் சிலர் பிள்ளையின் ரேகையைக் கணினியில் எடுத்து, "இவன் டொக்டராக வருவான், இவள் கணக்கில் கெட்டிக்காரி" என்று அறிக்கை கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். அதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு நாலு புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்.

சரி, உருவங்கள் மூன்றுதான் என்றால், உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் எப்படிப் பிரித்தறிவது? அதற்கு இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென முடிந்துவிடும். இன்னொன்று மரக்கொப்புப்போலக் கவராகப் பிரியும். சில இடங்களில் ஒரு புள்ளி மட்டும் தனியே நிற்கும். ஒரு விரலில் இப்படி நூறு இடம்வரை இருக்கும். நிபுணர்களும் இயந்திரங்களும் பார்ப்பது இவற்றைத்தான். எந்தக் குறி எந்த இடத்தில், எந்தத் திசையில் இருக்கிறது என்பது ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு அமைவதில்லை.

அம்மாவின் வயிற்றில் எழுதப்பட்டது

"இதை ஆர் கீறினது?" என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கு மறுமொழி சொல்வதென்றால் அவள் பிறப்பதற்கு முந்திய காலத்துக்குப் போக வேண்டும்.

தாயின் வயிற்றில் கரு ஏழு எட்டுக் கிழமையாக இருக்கும்போது அதன் கை ஒரு சின்னத் துடுப்பைப் போலிருந்து, விரல்கள் பிரியத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு விரல் நுனியின் உட்பக்கத்திலும் ஒரு சிறு மெத்தை புடைத்து எழும்பும். பூனையின் பாதத்தின் அடியில் இருக்கும் மெத்தைகளைப் பிள்ளைக்குக் காட்டினால் விளங்கும். பூனைக்கு அந்த மெத்தை நிலைத்துவிடுகிறது. மனிதக் குழந்தைக்கோ பத்தாம் கிழமைக்குப் பிறகு மெத்தை வளர்வது நின்று, விரல் பெருக்கப் பெருக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் கோடுகள் விழத் தொடங்குகின்றன.

எமது தோலில் மேற்தோல், உட்தோல் என்று இரண்டு படை உண்டு. மேற்தோலின் அடிப்பகுதி வேகமாக வளர்ந்து, உட்தோலுக்குள் வரிவரியாக இறங்குகிறது. வயலை உழும்போது சாலும் மேடும் உண்டாவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உண்டான இந்த வரிகளைப் பின்பற்றி வெளித்தோலிலும் மேடு பள்ளம் எழும்புகிறது. அதுதான் நாம் காணும் ரேகை. மூன்றாம் மாதமளவில் தொடங்கும் இந்த வேலை ஆறாம் மாதத்தோடு முடிந்துவிடும். பிள்ளை பிறந்து, பெயர் வைத்து, பிறப்புப் பதிவு எடுப்பதற்கு எவ்வளவோ முன்னரே பத்து விரல்களிலும் ரேகை வந்துவிட்டது.

கோடுகள் எப்படி இவ்வளவு ஒழுங்காக விழுகின்றன? ஸ்கொட்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023இல் 'செல்' என்ற விஞ்ஞான இதழில் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். தோலின் உயிர்க்கலங்களுக்கிடையில் இரண்டு விதமான இரசாயனச் செய்திகள் போகின்றன. ஒன்று "இங்கே வளர்" என்கிறது, மற்றது "இங்கே நில்" என்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போடும்போது ஒரு மேடு, ஒரு பள்ளம், பிறகு ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று வரி உண்டாகிறது. இப்படியும் வரிகள் உண்டாகலாம் என்று அலன் ரூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1952இலேயே எழுதியிருந்தார். வரிக்குதிரையின் வரிகளுக்கும் இதே போன்ற விளக்கம் சொல்லப்படுகிறது.

அந்த ஆராய்ச்சி கண்ட இன்னொரு விடயம் பிள்ளைகளுக்குச் சொல்ல மிகவும் ஏற்றது. வரிகள் விரலில் மூன்று இடங்களிலிருந்து புறப்படுகின்றன. ஒன்று விரல் நுனி மெத்தையின் நடுப்பகுதி. மற்றது நகத்தை அடுத்த நுனி. மூன்றாவது விரல் மடியும் மூட்டுக்கோடு. மூன்று இடத்திலிருந்தும் வரிகள் அலைபோலப் பரவி வந்து ஒன்றையொன்று சந்திக்கின்றன. குளத்தில் மூன்று மூலையிலிருந்து மூன்று பேர் கல்லெறிந்தால் அலைகள் எப்படிச் சந்திக்குமோ அப்படி. எந்த அலை முந்தியது, எது பிந்தியது, மெத்தை அப்போது எவ்வளவு உயரமாக இருந்தது என்பதைப் பொறுத்துச் சங்கு, சக்கரம், வில் அமைகின்றன. மெத்தை உயர்ந்திருந்தால் சக்கரமும், தாழ்ந்திருந்தால் வில்லும் வருவது வழக்கம். இடைத்தரமாக இருந்தால் சங்கு.

ஏன் ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு இல்லை?

இதை விளங்கப்படுத்த என் மனைவி கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. தோசை சுடும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிற்கவைத்து, தோசையில் அகப்பை சுழன்ற வரிகளைப் பார்க்கச் சொன்னாள். ஒரே மா, ஒரே அகப்பை, ஒரே கல், சுடுவதும் ஒரே கை. எல்லாத் தோசையும் தோசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தோசைகளின் வரி ஒன்றுபோல இல்லை. மா ஊற்றும்போது கை கொஞ்சம் சரிந்திருக்கும், கல் கொஞ்சம் கூடச் சுட்டிருக்கும், மா ஓரிடத்தில் தடித்திருக்கும். இந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றையும் தனித் தோசையாக்கிவிடுகின்றன.

விரலிலும் அப்படித்தான். தாய் தகப்பனிடமிருந்து வந்த பரம்பரைக் குணம் பொதுவான உருவத்தைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு எடுக்கிறது. அதனால் ஒரே குடும்பத்தில் ஒரே மாதிரிச் சங்கோ சக்கரமோ கூடுதலாக இருக்கலாம். ஆனால் எந்தக் கோடு எந்த இடத்தில் முடியும், எங்கே கவராகும் என்பதை எவரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. விரல் வளர்ந்த வேகம், மெத்தை அடங்கிய நேரம், கருப்பைக்குள் குழந்தை இருந்த நிலை, சுற்றியிருந்த நீரின் அழுத்தம் என்று எத்தனையோ சிறு வேறுபாடுகள் அதைத் தீர்மானிக்கின்றன. அவை எல்லாம் இரண்டாம் முறை அச்சொட்டாக அதே மாதிரி அமைவதில்லை.

இதற்கு நல்ல சாட்சி இரட்டைப் பிள்ளைகள். ஒரே கருவிலிருந்து பிரிந்து, முகம் அச்சொட்டாக இருக்கும் இரட்டையருக்கும் ரேகை வேறு. உருவம் ஒத்திருக்கும், ஆனால் நுணுக்கக் குறிகள் ஒத்திருக்காது. அவ்வளவு ஏன், பிள்ளையின் வலது பெருவிரலையும் இடது பெருவிரலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவையே ஒன்றல்ல. பத்து விரலும் பத்து விதம்.

சின்னப் பிள்ளைகள் கேட்டு மகிழ்வதற்கு ஒரு செய்தி. அவுஸ்திரேலியாவில் மரத்தில் வாழும் கோவாலா என்ற விலங்குக்கும் விரலில் ரேகை உண்டு. மனித ரேகைக்கு மிகவும் கிட்டியது. கோவாலாவை எவரும் கள்ளன் என்று சொல்வதில்லை.

தேய்ந்தால் போய்விடுமா?

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இந்தப் பகுதி முக்கியமானது. நாளெல்லாம் காகித அட்டைப் பெட்டி பிடிப்பவர், சீமெந்து குழைப்பவர், உணவகத்தில் இரசாயனம் கலந்த நீரில் பாத்திரம் கழுவுபவர் ஆகியோரின் விரல் நுனி தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். எங்களோடு வேலை செய்யும் ஒருவர் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போனபோது இயந்திரம் அவரது விரலை ஏற்கவில்லை. நாலு முறை துடைத்துத் துடைத்து வைத்தும் வரவில்லை. தன்னைச் சந்தேகிக்கப் போகிறார்களோ என்று அந்த மனிதர் வியர்த்துவிட்டார்.

பயப்பட ஒன்றுமில்லை. ரேகையின் அச்சு உள்ளே, மேற்தோலுக்கும் உட்தோலுக்கும் இடையில் இருக்கிறது. வெளியில் தெரிவது அந்த அச்சிலிருந்து வரும் பிரதிதான். மோதக அச்சு கையில் இருக்கும்வரை எத்தனை மோதகம் உடைந்தாலும் அதே உருவத்தில் இன்னொன்று பிடிக்கலாம் அல்லவா? அதுபோல மேற்தோல் தேய்ந்தாலும், சிறு காயம் பட்டாலும், சில கிழமைகளில் பழைய ரேகையே திரும்பி வரும். விரல் கொடுக்கப் போகும் நாளுக்கு இரண்டு கிழமை முன்பிருந்தே இரவில் கைக்குக் களிம்பு பூசுங்கள். வேலையில் கையுறை போடுங்கள். போகும் நாளில் களிம்பு பூசாமல், கையைச் சூடாக வைத்துக்கொண்டு போங்கள். விரல் சரியாக வரவில்லையென்றால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அலுவலரிடம் சொல்லுங்கள். இது அவர்கள் அடிக்கடி காணும் விடயம்.

ஆழமான வெட்டோ சூடோ உள்ளே இருக்கும் அச்சு வரை போனால் தழும்பு நிலைத்துவிடும். அப்போதும் அடையாளம் அழிவதில்லை. அந்தத் தழும்பே புதிய அடையாளமாகிவிடும். அமெரிக்காவில் வங்கிக் கொள்ளைக்காரனாகப் பெயர்பெற்ற ஜோன் டிலிஞ்சர் தன் விரல் நுனிகளை அமிலத்தால் அழிக்கப் பார்த்தான். 1934இல் அவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அழிக்கப் பார்த்த அதே விரல்களில் மிஞ்சிய கோடுகள் அவனை அடையாளம் காட்டின. இன்னொரு நாட்டில் பதிந்த ரேகை தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும் என்ற பயத்தில் விரல் நுனியைச் சுட்டுக்கொண்ட அகதிகளைப் பற்றியும் ஐரோப்பாவில் செய்திகள் வந்ததுண்டு. அந்த மனிதர்களின் நிலை எமக்கு விளங்காததல்ல. ஆனால் அதனால் வேதனைதான் மிஞ்சும். அப்படியான பயம் உள்ளவர்கள் விரலைத் தீயிடம் கொடுக்காமல் ஒரு சட்டத்தரணியிடமோ அகதிகளுக்கு ஆலோசனை வழங்கும் நிலையத்திடமோ போங்கள்.

பிறவியிலேயே ரேகை இல்லாத மனிதரும் மிக அரிதாக உண்டு. 2007இல் ஒரு சுவிஸ் நாட்டுப் பெண் அமெரிக்காவுக்குப் போனபோது, அவருடைய விரலில் ரேகை இல்லாதபடியால் எல்லையில் அலைக்கழிய நேர்ந்தது. அவருடைய குடும்பத்தில் இன்னும் பலருக்கும் அப்படியே இருந்தது. அதற்குக் காரணமான மரபணுவை ஆராய்ச்சியாளர்கள் 2011இல் கண்டுபிடித்தார்கள். இந்தக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் வேடிக்கையாக வைத்த பெயர் 'குடிவரவுத் தாமத நோய்'. எமக்கோ ரேகை ஒழுங்காக இருந்தும் குடிவரவு தாமதமாகிறது என்று எங்கள் வேலைத்தளத்தில் சொல்லிச் சிரித்தோம்.

கள்ளரிடமிருந்து தொடங்கவில்லை

பிள்ளையின் மனதில் உள்ள முள்ளை எடுக்க இந்தக் கதை உதவும். ஆங்கிலேயர் ஆட்சியில் விரல் ரேகையை அலுவல்களுக்குப் பயன்படுத்தும் வழக்கம் கள்ளரைப் பிடிப்பதில் தொடங்கவில்லை. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, தெருவுக்குக் கல் கொடுக்கும் ஒப்பந்தம் ஒன்றில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையைப் பதித்து வாங்கினார். பிற்பாடு ஓய்வூதியம் எடுக்க வருபவர் உண்மையான ஆள்தானா என்று பார்க்கவும் விரல் பதிவைப் பயன்படுத்தினார். 1880இல் ஜப்பானில் வேலை செய்த ஹென்றி ஃபோல்ட்ஸ் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர், பழைய மட்பாண்டங்களில் குயவரின் விரல் பதிந்திருப்பதைக் கண்டு ஆராயத் தொடங்கியவர், இதைப்பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்.

1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் அமைந்தது. ஆயிரக்கணக்கான பதிவுகளுக்குள் ஒன்றை எப்படித் தேடுவது என்ற சிக்கலுக்கு வழி கண்டதில் அங்கு வேலை செய்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவருக்கும் பெரும் பங்குண்டு. பத்து விரல்களில் எவற்றில் சக்கரம் இருக்கிறது என்பதைக் கொண்டு 1,024 வகையாகப் பிரிக்கும் முறை அது. அந்த முறைக்கு மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயரே நிலைத்தது. 1901இல் லண்டன் ஸ்கொட்லண்ட் யார்ட் அதை ஏற்றுக்கொண்டது.

எமக்கும் இது புதிதல்ல. காணி உறுதியில் பெருவிரல் பதித்த பாட்டன் பாட்டிமார் எங்கள் எல்லாருடைய குடும்பத்திலும் இருக்கிறார்கள். எழுதத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று கேலி செய்ததும் நாங்கள்தான். இன்று பெரிய படிப்புப் படித்தவரும் கைத்தொலைபேசியைத் திறக்க விரலைத்தான் வைக்கிறார். ஜேர்மன் மக்களும் 2021 ஆகஸ்ட் 2 முதல் தங்கள் அடையாள அட்டைக்கு இரண்டு விரல் ரேகை கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் பிள்ளையின் வகுப்பில் இருக்கும் ஜேர்மன் பிள்ளையின் தாயும் தகப்பனும்கூட அதே கண்ணாடியில் விரல் வைப்பவர்கள்தான் என்று சொல்லுங்கள். பிள்ளையின் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

உண்மையை முழுதாகச் சொல்வோம்

பயத்தைப் போக்குவதற்காக எல்லாம் நல்லதற்கே என்று பொய் சொல்லவும் வேண்டாம். தஞ்சம் கோருவோரின் ரேகையை எடுப்பதன் முக்கிய நோக்கம், அவர் முதலில் எந்த நாட்டில் பதிந்தார், எந்த நாடு அவருடைய வழக்கை விசாரிக்க வேண்டும் என்று பார்ப்பது. பொலிஸாரும் சில நிபந்தனைகளோடு அதில் தேடலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதையும் சொல்லத்தான் வேண்டும். சிறு பிள்ளையின் ரேகையை எடுப்பவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்றும், குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் அவர் பிள்ளையோடு நிற்க வேண்டும் என்றும் 2024இன் ஐரோப்பியச் சட்டமே சொல்கிறது. ஆகவே வெளியில் காத்திருக்காமல் பிள்ளையின் பக்கத்தில் நில்லுங்கள். ஏன் எடுக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்பதும் மரியாதைக் குறைவல்ல. அது எமது உரிமை.

இன்னொன்றும் உண்டு. ரேகை மாறாது, ஆனால் அதை ஒப்பிடுபவர்கள் மனிதர்கள். 2004 மார்ச்சில் மட்ரிட் நகரில் ரயில்களில் குண்டு வெடித்தபோது, அங்கு கிடைத்த ஒரு பையிலிருந்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. முடிவுசெய்து அவரைப் பிடித்து வைத்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு அது வேறொருவருடையது என்று ஸ்பானிய பொலிஸார் காட்டினார்கள். அவரை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அரைகுறையாகப் பதிந்த ரேகையை அவசரமாக ஒப்பிட்டதில் வந்த வினை. 'இயந்திரம் சொல்லிவிட்டது' என்பதற்காக எவரும் வாய் மூடி இருக்கத் தேவையில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்லலாம்?

என் மகளிடம் நான் சொன்னதை அப்படியே தருகிறேன். உங்கள் பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லுங்கள்.

"அம்மா, நீ அம்மாட வயித்துக்க இருக்கேக்கை, உனக்குப் பேர் வைக்கிறதுக்கு முதலே உன்ர விரலில இந்தக் கோடெல்லாம் வந்திட்டுது. இது மாதிரி உலகத்தில வேற ஒருத்தருக்கும் இல்லை. எனக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. இந்த நாட்டில கனபேர் இருக்கினம். அதில நீ ஆரெண்டு கண்டுபிடிக்கத்தான் விரலை எடுத்தவை. நீ பிழை செய்ததெண்டு இல்லை. என்ர விரலையும் எடுத்தவை, அம்மாட விரலையும் எடுத்தவை."

அவள் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப நான் தமிழ்ப் பிள்ளையெண்டு என்ர விரலில தெரியுமோ?"

தெரியாது என்றேன். விரலைப் பார்த்து இவர் எந்த ஊர், என்ன மொழி, என்ன சமயம் என்று எவராலும் சொல்ல முடியாது. நல்லவரா கெட்டவரா என்றும் சொல்ல முடியாது. இது இன்னார் என்பதை மட்டுமே அது சொல்லும். தமிழ்ப் பிள்ளை என்பது விரலில் வராது, கதைக்கும் வாயிலும் எழுதும் கையிலும்தான் வரும் என்று சொல்லி, அன்றைய தமிழ்ப் பாடத்தை எடுக்கச் சொன்னேன். அதற்கு அவள் முகத்தைச் சுளித்தது வேறு விடயம்.

அன்பான பெற்றோரே, வருகிற சனி ஞாயிறில் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். முன்பு சொன்னதுபோலப் பென்சிலும் ஒட்டுநாடாவும் வைத்து வீட்டில் உள்ள எல்லாருடைய பெருவிரலையும் அதில் பதியுங்கள். ஊரில் உள்ள அம்மம்மா, அப்பப்பாவிடமும் ஒரு தாளில் பெருவிரல் பதித்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அவரவர் பெயரையும், சங்கா, சக்கரமா, வில்லா என்பதையும் பிள்ளையே தன் கையால் தமிழில் எழுதட்டும். அந்தத் தாளைப் பிள்ளை படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டி விடுங்கள். ஒரு ரேகை அட்டைக்குள்ளும் இருக்கிறது, பெரிய பதிவேட்டுக்குள்ளும் இருக்கிறது. இந்தத் தாளில் அது குடும்பத்தோடு இருக்கும்.